பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் ஆன்லைன் கேம்: எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

புதுப்புயல்

வணக்கம். மெஷின் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, எஸ்எஃப்எஃப்னு சொல்ற சின்ன கேஸ். ஐ5-4570 சிபியு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ இருக்கு. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட், ஃபோர்ட்நைட் மூணும் ஆடணும். இப்ப சிபியுவோட வர்ற எச்டி 4600லதான் ஓடுது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போடச் சொல்றாங்க. பவர் சப்ளை ஸ்டிக்கர்ல 255 வாட்னு இருக்கு. போதுமா?

செம்புக்கம்பி

1660 சூப்பர் வேண்டாம். அது முழு உயரக் கார்டு, உங்கள் கேஸுக்குள் போகாது. அதோடு 125 வாட் இழுக்கும், தனியாக 8 பின் கேபிளும் கேட்கும். உங்கள் சப்ளையில் அந்தக் கேபிளே கிடையாது.

மெஷின் எவ்வளவு கொடுக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள், கார்டை அப்புறம் தேடலாம். தனி கேபிள் இல்லாமல் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 லேன் ஸ்லாட் (லேன் என்றால் தரவு போகும் பாதை) தருவது அதிகபட்சம் 75 வாட். அதில் 12 வோல்ட் லைனில் வருவது 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், மிச்சம் 3.3 வோல்ட்டில். ஐ5-4570க்கு 84 வாட். போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் 40 வாட் ஒதுக்கினாலும் கார்டோடு சேர்த்து 200 வாட்டில் நிற்கும். 255 வாட் சப்ளை தாங்கும்.

ஆனால் ஸ்டிக்கரில் மொத்த வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறதோ அதை 12-ஆல் பெருக்குங்கள். சிபியுவுக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அதுதான். 12 வோல்ட் இரண்டு லைனாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது; இரண்டும் சேர்ந்த வரம்பு பக்கத்தில் தனியாக எழுதியிருக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சின்ன கேஸ் மாடல்கள் சிலவற்றில் தயாரித்த கம்பெனியே ஸ்லாட்டுக்கு 25 வாட், 35 வாட் என்று வரம்பு போட்டிருக்கும். மேனுவலில் விரிவாக்க ஸ்லாட் பற்றிய பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வரம்பு அப்படி இருந்தால் அதற்குள் அடங்கும் கார்டோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

கேஸைத் திறந்து இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, பின்பக்கத் தகட்டிலிருந்து முன்னால் டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர். இரண்டு, 16 லேன் ஸ்லாட்டில் கார்டு உட்கார்ந்தால் அதன் விசிறி எந்தப் பக்கம் பார்க்கும், அந்தப் பக்கம் காலி ஸ்லாட் இருக்கிறதா அல்லது பவர் சப்ளையின் சுவரா. சுவராக இருந்தால் ஒற்றை ஸ்லாட் தடிமன் கார்டு மட்டும்தான்.

நடுநிசி

செம்புக்கம்பி சொன்ன அளவு ரெண்டும் எடுத்துட்டீங்கன்னா கார்டு லிஸ்ட் தானா சுருங்கிடும். அரை உயரத்துல, தனி கேபிள் இல்லாம ஓடறதுல முக்கியமானது இதுங்க.

ரெண்டு ஸ்லாட் தடிமன் போகும்னா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட், 2024ல வந்தது. இப்போதைக்கு ஸ்லாட் பவர்ல மட்டும் ஓடற கேமிங் கார்டுகள்ல கைக்குக் கிடைக்கிற நல்ல ஒண்ணு. கவனம்: அதே பேர்ல 8 ஜிபி கார்டு ஒண்ணு இருக்கு, அது 130 வாட், தனி கேபிள் வேணும். பெட்டில 6 ஜிபின்னு பார்த்து வாங்குங்க. அதுக்கு அடுத்தது ஜிடிஎக்ஸ் 1650 அரை உயரம், 75 வாட். இதுல ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6னு ரெண்டு மெமரி இருக்கு. 5ன்னா நொடிக்கு 128 ஜிபி, 6ன்னா 192 ஜிபி. ரெண்டும் ஒரே விலைல கிடைச்சா 6.

ஒற்றை ஸ்லாட்தான்னா டி1000. வொர்க்ஸ்டேஷன் கார்டு, 50 வாட், 1650ல இருக்கற அதே 896 கோர். வேகம் 1650ஐ விடக் கொஞ்சம் கம்மி, ஆனா சூடும் கம்மி. நாலு மினி டிஸ்பிளே போர்ட் மட்டும்தான் இருக்கும், அதனால மினி டிஸ்பிளே போர்ட்ல இருந்து எச்டிஎம்ஐக்கு ஒரு கன்வர்ட்டர் சேர்த்து வாங்கணும்.

ஆர்எக்ஸ் 6400ம் ஒற்றை ஸ்லாட்ல வரும், 53 வாட். ஆனா அதுக்கு 4 லேன்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டுல அது குறையாத் தெரியாது. உங்க போர்டு 3.0, அதுல 4 லேன்னா நொடிக்கு சுமார் 4 ஜிபிதான் போகும். கார்டோட 4 ஜிபி மெமரி நிரம்பற நிமிஷத்துல மிச்சம் ரேமுக்குப் போய்வரணும், அங்கதான் சண்டை நடுவுல ஆட்டம் திக்கித் திக்கி நிக்கும். டெக்ஸ்சர் செட்டிங்கைக் கீழ வெச்சா சமாளிக்கலாம். ஆட்டத்தை ஒளிபரப்புறவங்களுக்கு இது ஆகாது, வீடியோ என்கோடரே கிடையாது.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 ரெண்டையும் விட்டுடுங்க. அதுங்களுக்கு ரீசைசபிள் பார், அதாவது கார்டு மெமரி முழுசையும் சிபியு ஒரேயடியா எட்டற வசதி, வேணும். உங்களோட மாதிரி 4ஆம் தலைமுறை போர்டு பயாஸ்ல (மெஷினை எழுப்பற அடிப்படை மென்பொருள்) அது கிடையாது. அது இல்லாம போட்டா வேகம் பெரிய அளவுல விழும்.

ஜிடி 1030 வாங்கறதா இருந்தா பெட்டில ஜிடிடிஆர்5னு இருக்கணும். டிடிஆர்4 போட்ட 1030 ஒண்ணு அதே பேர்ல சுத்துது. முதல்ல சொன்னது நொடிக்கு 48 ஜிபி, இது 16.8 ஜிபி. பேரு ஒண்ணு, கார்டு வேற.

ஏலக்காய்

கார்டுக்கு முன்னாடி இந்த மெஷினில் மாற்ற வேண்டியது ரேம். 8 ஜிபி ஒரே ஸ்டிக்கில் இருக்கிறது, அதாவது மெமரி ஒற்றைச் சேனலில் ஓடுகிறது. டிடிஆர்3 1600க்கு ஒற்றைச் சேனல் என்றால் நொடிக்கு 12.8 ஜிபி, இரட்டை என்றால் 25.6 ஜிபி. மல்டிபிளேயரில் பத்துப் பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும்போது சிபியுவுக்குத் தரவு போய்ச் சேரும் வேகம்தான் முதலில் திணறும். இதே அளவில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிச் சேர்த்தால் 16 ஜிபியும் ஆகிவிடும், இரட்டைச் சேனலும் ஆகிவிடும். ஒரே நிறத்து ஸ்லாட் இரண்டில் போடுங்கள். போட்டதும் சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து இரட்டை என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே 85 ஜிபி கேட்கிறது. சாட்டா எஸ்எஸ்டி போட்டால் சராசரி ஃப்ரேம் ஏறாது, ஆனால் மேப் திறக்கும்போதும் புதிய இடத்துக்கு ஓடும்போதும் வரும் தடங்கல் குறையும்.

ஆன்லைன் கேமில் பார்க்க வேண்டியது சராசரி எண்ணை அல்ல, மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களை. சராசரி 140 காட்டிவிட்டு எதிரி வரும் நொடியில் 35க்கு விழுகிற மெஷினைவிட, 75லேயே நிலையாக நிற்கிற மெஷினில் குறி தப்பாது. அந்த 1 சதவீதத்தைத் தூக்குவது பெரும்பாலும் சிபியுவும் ரேமும்தான்.

புதுப்புயல்

ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிடறேன். ஆனா கார்டுல ஒரு சந்தேகம். சாட்டா பவர்ல இருந்து 6 பின்னுக்கு மாத்தற கன்வர்ட்டர் கேபிள் கிடைக்குதே, அதைப் போட்டு, மூடியைக் கழட்டி வெச்சு ஆர்எக்ஸ் 570 போட்டா என்ன?

செம்புக்கம்பி

தீப்பிடிக்கும் வாய்ப்பு உள்ள வேலை, செய்யாதீர்கள்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கனெக்டர் கேட்பதற்கு உரிமை உள்ளது 75 வாட். ஆர்எக்ஸ் 570 முழுக் கார்டாக 150 வாட். கணக்கிலேயே இடிக்கிறது. அதிலும் விலை குறைந்த கன்வர்ட்டர்களில் சாட்டா முனை வார்ப்புப் பிளாஸ்டிக்கில் ஊற்றியதாக இருக்கும்; உள்ளே பின்கள் நெருங்கி வந்து, சூட்டில் பிளாஸ்டிக் இளகி, 12 வோல்ட்டும் பக்கத்துப் பின்னும் ஒட்டிக்கொள்ளும். கருகுவது அங்கேதான்.

பழைய நான்கு பின் மோலெக்ஸிலிருந்து எடுப்பது இதைவிடப் பரவாயில்லை, பின் பெரியது. ஆனாலும் 255 வாட் சப்ளையில் 150 வாட் கார்டு வைத்தால் கார்டு ஒரு கணம் மேலே தாவும்போது சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆட்டம் நடுவில் மெஷின் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மண்வாசனை

என்னுடையது டவர் கேஸ், எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1. இதில் சப்ளையையே மாற்றிவிட்டுப் பெரிய கார்டு போடலாமா? 24 பின் கனெக்டரை போர்டில் காணவில்லை.

செம்புக்கம்பி

அந்த போர்டில் 24 பின் இருக்காது, எச்பியின் சொந்த 6 பின். ஆப்டிபிளெக்ஸ் 9020, 7020, 3020 என்றால் டெல்லின் சொந்த 8 பின். அதற்கு முந்தைய ஆப்டிபிளெக்ஸ் 7010இல் வழக்கமான 24 பின் உண்டு. சப்ளை மாற்ற நினைப்பவர்களுக்கு அது தொல்லையில்லாத மாடல்.

சொந்த கனெக்டர் உள்ளவற்றுக்கு 24 பின்னிலிருந்து மாற்றும் கேபிள் கிடைக்கிறது. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கென்றே செய்ததை வாங்குங்கள். பின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதே என்று வேறு கம்பெனி மெஷினுக்கான கேபிளைச் செருகினால் போர்டு போய்விடும், கம்பிகளின் வரிசை வேறு. வாங்கும் முன் புதிய சப்ளை கேஸில் நிற்குமா, திருகு ஓட்டைகள் பொருந்துமா என்று அளந்து பாருங்கள். சப்ளையில் கார்டுக்கான 6+2 பின் கேபிள் நேரடியாக வர வேண்டும். ஒரு கன்வர்ட்டரே போதும், இரண்டாவது வேண்டாம்.

மழைத்துளி

ஐ5-2400 மெஷின், ஆர்எக்ஸ் 6400 போட்டேன். விசிறி சுத்துது, திரை கறுப்பு. கார்டை எடுத்துட்டா போர்டுல படம் வருது. கார்டு போச்சா?

நடுநிசி

கார்டு நல்லாதான் இருக்கும். 2ஆம் தலைமுறை போர்டுகள்ல இது அடிக்கடி வர்ற கேள்வி. புது கார்டுகள் யுஇஎஃப்ஐங்கற புது பூட் முறைல எழும்பற மாதிரி வருது, பழைய பயாஸ் அதைப் புரிஞ்சுக்காது. இந்த வரிசைல பாருங்க.

கார்டை எடுத்துட்டு, போர்டுலயே படம் வெச்சுக்கிட்டு, கம்பெனி தளத்துல இருக்கற கடைசி பயாஸைப் போடுங்க. பயாஸ் ஏறும்போது கரண்ட் போனா போர்டு போயிடும், யுபிஎஸ் இருந்தா அதுல செருகிட்டு பண்ணுங்க. அப்புறம் பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் போடுங்க. பேட்டரி பழசுன்னா அப்பவே புதுசு. பயாஸ்ல பூட் முறை யுஇஎஃப்ஐக்கு மாத்த வழி இருந்தா மாத்திப் பாருங்க, ஆனா விண்டோஸ் எம்பிஆர்ங்கற பழைய முறைல பிரிச்ச டிஸ்க்ல இருந்தா அது பூட் ஆகாது, அதை மனசுல வெச்சுக்கோங்க. இவ்வளவுக்கும் வரலைன்னா அந்த போர்டுக்கு அந்த கார்டு சேராது, ஜிடிஎக்ஸ் 750 டிஐ மாதிரி பழைய கார்டுக்குப் போங்க.

உண்மையைச் சொல்லணும்னா உங்க மெஷினுக்கு 6400 சரியான ஜோடியே இல்ல. 2ஆம் தலைமுறை சிபியு தர்றது பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. அதுல 4 லேன்னா நொடிக்கு 2 ஜிபிதான். 16 லேன் எடுக்கற கார்டு எதுவா இருந்தாலும் இதைவிட நிம்மதியா ஓடும்.

ஏலக்காய்

750 டிஐ பற்றி ஒரு வார்த்தை. 60 வாட், எங்கே போட்டாலும் எழும்பும், விஜிஏவுக்கு டிவிஐ வழியாக அனலாகும் தரும். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12இல் (விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேசும் முறை) அது 11_0 மட்டம்தான், 12_0 கேட்கும் கேம்கள் திறக்கவே மறுக்கும். என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு, அதாவது 750 டிஐ, 900 வரிசை, 1050 டிஐ எல்லாவற்றுக்கும், புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை. 1650, டி1000 இரண்டும் அடுத்து வந்த டூரிங் தலைமுறை, அவற்றுக்கு இன்னும் வருகிறது. 1050 டிஐயும் 1650யும் கிட்டத்தட்ட ஒரே தொகைக்கு வந்தால் 1650தான், யோசிக்கவே வேண்டாம்.

விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர்காரர்களுக்கு: என்விடியாவில் 1000 வரிசையிலிருந்து அனலாக் வெளியீடு இல்லை. வடிவத்தை மட்டும் மாற்றும் டிவிஐ-விஜிஏ முனை வேலை செய்யாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர் வேண்டும்.

புதுப்புயல்

பழைய கார்டு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

நடுநிசி

கார்டோட விவரம் காட்டற ஜிபியு-இசட் மென்பொருளை ஒரு பென்டிரைவ்ல கொண்டு போங்க. 1050 டிஐன்னு ஸ்டிக்கர் ஒட்டி, உள்ள ஃபெர்மி காலத்து ஜிடிஎஸ் 450 சிப்பை வெச்சு, பயாஸை மாத்தி எழுதி விக்கறது உண்டு. விண்டோஸும் அதை 1050 டிஐன்னே காட்டும். ஜிபியு-இசட் பேருக்கு முன்னாடி ஃபேக்னு போட்டுக் காட்டிடும். ஆர்எக்ஸ் 580ல 2048எஸ்பின்னு ஒட்டு இருந்தா அது உண்மையில 570ஓட கோர் எண்ணிக்கை, அந்த மதிப்புக்குப் பேசுங்க. ஏதாவது ஒரு லோடு டெஸ்ட் 15 நிமிஷம் ஓட்டி, திரைல புள்ளி, கோடு வருதான்னும் விசிறி கரகரன்னு சத்தம் போடுதான்னும் பாருங்க. அரை உயரக் கார்டுன்னா குட்டைத் தகடு பெட்டில இருக்கான்னு கேளுங்க. முழு உயரத் தகட்டோட வந்தா உங்க கேஸ் மூடாது, அந்தத் தகடு தனியாத் தேடினா சீக்கிரத்துல கிடைக்காது.

செம்புக்கம்பி

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது.

பழைய டிரைவரை டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிட்டு அணையுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை இறக்குங்கள். கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாழ்ப்பாளைத் திறந்து, கார்டை இரண்டு முனையிலும் சமமாக அழுத்தினால் தாழ்ப்பாள் தானே ஏறிப் பூட்டும். சின்ன கேஸில் சாட்டா கேபிள்கள் சரியாக ஸ்லாட்டுக்குக் கீழேதான் ஓடும். அதில் ஒன்று கார்டின் அடியில் மாட்டினால், கார்டு பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் ஒரு மயிரிழை தூக்கியபடி நிற்கும். பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், படம் மட்டும் வராது. தங்கப் பட்டைகள் வெளியே தெரிகிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல.

விண்டோஸ் வந்ததும் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 16 லேன் 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம், மின்சிக்கனத்துக்காக இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் 3.0க்கு ஏற வேண்டும். ஏறிய பிறகும் 4 லேன் என்றே நின்றால், 16 லேன் எடுக்கக்கூடிய 1650 போன்ற கார்டைத் தவறான ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்கள். 9020இல் நீளமான ஸ்லாட் இரண்டு, ஒன்றுக்குள் 4 லேன்தான் இழுத்திருக்கிறார்கள்.

மண்வாசனை

வாலரன்ட் ஆன்டிசீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய மெஷினில் கார்டைவிட அதுதான் வாசலில் நிறுத்துகிறது.

ஏலக்காய்

சரியாகச் சொன்னீர்கள். விண்டோஸ் 11இல் வாலரன்ட் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் பயாஸ் வசதி) இரண்டையும் கேட்கும். 9020இல் இருப்பது டிபிஎம் 1.2. ஆகவே விண்டோஸ் 11க்கு ஏதோ வழியில் மாறிவிட்டு வாலரன்ட் ஓடும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது.

செக்யூர் பூட்டை ஆன் செய்ய டிஸ்க், எம்பிஆருக்குப் பதிலாக வந்த ஜிபிடி முறையில் பிரித்ததாக இருக்க வேண்டும், பயாஸில் லெகசி என்ற பழைய பூட் முறையை அணைக்க வேண்டும். லெகசியை அணைத்தால் யுஇஎஃப்ஐ பயாஸ் இல்லாத மிகப் பழைய கார்டில் தொடக்கத் திரையே வராது. வாங்கும் முன் ஜிபியு-இசட்டில் யுஇஎஃப்ஐ கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

புதுப்புயல்

1650 அரை உயரம் ஜிடிடிஆர்6, ரேம் 8+8, எஸ்எஸ்டி எல்லாம் ஆச்சு. கவுன்டர் ஸ்ட்ரைக் 2ல ஆஃப்டர்பர்னர் (சூடு, பளு அளக்கற மென்பொருள்) காட்டறது: ஜிபியு 55-65 சதவீதம், சிபியு நாலு கோரும் 95க்கு மேல, சிபியு சூடு 93 டிகிரி. ரெசல்யூஷன் குறைச்சும் ஃப்ரேம் ஏறல.

செம்புக்கம்பி

ஜிபியு 65 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அது சிபியுவுக்காகக் காத்திருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால் லேசாவது கார்டின் வேலை, அதனால்தான் பலனில்லை. முதலில் 93 டிகிரியைக் கவனியுங்கள். 100ஐ நெருங்கினால் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்கைக் கழற்றுங்கள், காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியது வைத்து, திருகுகளைக் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். விசிறி இறக்கையில் தூசி இருந்தால் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

அப்புறமும் 95 சதவீதம் என்றால் நான்கு திரெட் (சிபியு ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) போதவில்லை. அதே சாக்கெட்டில் ஐ7-4770 அல்லது 4790 போடலாம். நான்கு கோர், எட்டு திரெட், அதே 84 வாட், சப்ளைக்குக் கூடுதல் பாரமில்லை. மாற்றும் முன் கடைசி பயாஸைப் போட்டுவிடுங்கள்.

நடுநிசி

ஐ7 வர்ற வரைக்கும் செட்டிங்ல செய்யறது: பிரவுசர், டிஸ்கார்ட் ஓவர்லே மூடுங்க. கவுன்டர் ஸ்ட்ரைக்ல ஷேடோவைக் கீழ இறக்குங்க. ஃபோர்ட்நைட்ல ரெண்டரிங் மோடை பெர்ஃபார்மன்ஸ்னு வைங்க. வாலரன்ட்ல மல்டித்ரெடட் ரெண்டரிங் ஆன். கார்டு சும்மா இருக்கறதால டெக்ஸ்சரை மீடியம்ல விட்டாலும் நஷ்டமில்ல. ஃப்ரேம் லிமிட்டை சண்டைலயும் எட்டற அளவுக்கு, 80ன்னா 80, போட்டுடுங்க; சிபியுவுக்கு மூச்சுவிட இடம் கிடைச்சு ஏற்ற இறக்கம் குறையும்.

டிரைவர் மாத்தின உடனே முதல் ரெண்டு மூணு மேட்ச் திக்கும், ஷேடரை (கார்டு படம் வரைய ஓட்டற குட்டி நிரல்) திரும்பக் கட்டுது. அதை வெச்சு கார்டு சரியில்லன்னு முடிவு பண்ணாதீங்க, டெத்மேட்ச்ல ஓடவிட்டுட்டு அப்புறம் அளங்க. ஆளு முன்னாடி தாவறது, சுட்ட குண்டு பதிவாகாதது, இதெல்லாம் ஃப்ரேம் டைம் கோடு சமமா இருக்கும்போதே நடந்தா அது நெட்வொர்க். யுஎஸ்பி வைஃபை டாங்கிளைப் பிடுங்கிட்டு லான் கேபிள் போட்டுப் பாருங்க, பிங் குறைக்கற வேலையை எந்த கார்டும் செய்யாது.